தெற்கே மிதித்த கால்

நிப்றாஸின் இடது கால் அடக்கப்பட்ட நாற்பத்தோராம் நாள், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, அவனுடைய ரேஸ் சைக்கிளின் இடது மிதி தானாகச் சுற்றத் தொடங்கியது. கல்முனையில் இதற்கு ஒருவரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. விபத்துக்கு முன் பதினொரு வருடம் அந்தக் கால் அதே நேரத்தில்தான் பயிற்சிக்குக் கிளம்பியது; பழக்கத்தை விட அதற்கு மனம் வரவில்லை போலும் என்று பேசிக்கொண்டார்கள்.

பிழை அஸீமுடையது. மாவடிப்பள்ளி வளைவில் லொறி மோதி, நிப்றாஸ் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, வெட்டி எடுத்த காலை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கியவன், நிப்றாஸின் மனைவி றுஸ்னாவின் தம்பியான இந்த அஸீம்தான். மழை கொட்டிய அவசரத்தில் விரல்களைத் தொழும் திசையான கிப்லாவுக்கு நேரே வைக்காமல் தெற்கே பார்த்து வைத்துவிட்டான். பள்ளிவாசல் மோதினார் காலிதீன் அதை அறிந்தபோது மண் மூடியாயிற்று. மூடிய கபுறைத் தோண்டக் கூடாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

நிப்றாஸோ சைக்கிளை விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். இனி ரேஸ் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டான். றுஸ்னா மூன்று நாள் மிதியைக் கயிற்றால் கட்டிப் பார்த்தாள். மூன்று கயிறும் அறுந்தன. நாலாம் நாள் சைக்கிளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"உங்கட கால் போகப் போகுது. நீங்க மட்டும் என்னத்துக்குப் படுத்துக் கிடக்கிற?"

அன்று நிப்றாஸ் சைக்கிளில் ஏறித் தெற்கே பாலமுனை வரை காற்றாய்ப் பறந்தான். வீடு திரும்ப வடக்கே முகம் வைத்ததும் இடது மிதி கைவிட்டுவிட்டது. ஒற்றைக் காலால் ஒலுவில் வரை மிதித்து, மிச்சத்துக்கு றஊபின் ஆட்டோவை அழைத்தான். வலது கால் பழகப் பழக, இரண்டு மாதத்தில் றஊப் நிந்தவூருக்கு வந்தால் போதும் என்றானது, பெருநாளுக்குள் காரைதீவுக்கு. வருட முடிவில் றஊப் வேறு சவாரி பார்த்துக்கொண்டான்.

பரா ஒலிம்பிக் அணிக்கான தெரிவுப் போட்டி, கல்முனையிலிருந்து பாலமுனை போய்த் திரும்பும் பாதையிலேயே நடந்தது. நடுவர் கனகசபாபதி சைக்கிளைக் கவிழ்த்து மோட்டர் தேடினார். மோட்டர் இல்லை, மிதி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இத ஆர் மிதிக்கிற?"

"என்ட கால்தான் சேர். மையவாடியில இரிக்கி."

கனகசபாபதி மூக்குக்கண்ணாடியை மாட்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். போட்டியாளர் தன் சொந்தக் காலால் மிதிக்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

"அப்ப சரி. ஓடுங்க தம்பி."

போகும்போது எல்லோரும் ஒட்டியே போனார்கள். திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அறைந்தது, மற்றவர்கள் தளர்ந்தார்கள். ஒரு வருடமாகத் தனியே வீடு திரும்பிப் பழகிய வலது கால் தளரவில்லை. நிப்றாஸ் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது இரண்டாமவன் சாய்ந்தமருதைத் தாண்டியிருக்கவில்லை. றுஸ்னா அழுதாள், அவனும் வெட்கமில்லாமல் அழுதான்.

அஸீம் மெல்லக் கிட்ட வந்தான். "மச்சான், மோதினாரிட்ட இன்னொருக்காக் கேப்பமா? வடக்கால திருப்பி வெச்சா வாறத்துக்கும் உதவுமே."

"வேணாம் மச்சான்," என்று நிப்றாஸ் வலது தொடையைத் தட்டினான். "போறத்துக்கு அது. வாறத்துக்கு இது."

மறுநாள் சுபஹு முடிந்ததும் மிதி சுற்றியது. றுஸ்னா எழுந்து போய்க் கேற்றைத் திறந்துவிட்டாள்.