கோட்டில் ஒரு படி

நான் திருநகரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ். எங்கள் நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று, டாக்டர் என்னை ஒரு வார ஆன்லைன் புள்ளியியல் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

கடைசி நாள் அவரவர் தரவை வைத்து வரைபடம் போடச் சொன்னார்கள். எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு. யாராவது இறந்தால் அது ஒரு படி கீழே இறங்கும். அதில் பெயர்கள் கிடையாது. ஆனாலும் டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடத்துக்குப் பக்கத்தில் இறங்கிய படியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் தம்பி அழகுராஜா.

அவனுக்கும் எங்கள் மையத்தில்தான் டயாலிசிஸ்; ஊசி போட்டவளே நான்தான். சிறுநீரகம் வேலை செய்யாததால் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். எடை மெஷினில் ஏறினால் குட்டு உடைந்துவிடும்.

"எம்புட்டுடா குடிச்ச?"

"பருத்திப்பால்க்கா. அரை டம்ளர்தான்."

எல்லார் முன்னாலும் திட்டித் தீர்ப்பேன். தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

வகுப்பெடுத்த சார் திரையில் என் கோட்டைப் பார்த்தார்.

"படிப்படியா இருக்கேன்னு கவலைப்படாதீங்கம்மா. இன்னும் நிறைய பேரைச் சேர்த்தா கோடு வழவழன்னு ஆயிரும். ஒரு ஆள் போனது கண்ணுக்கே தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியணும் சார்! அது என் தம்பி சார்!" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் பார்த்தேன், மைக்கை நான் ஆன் செய்யவே இல்லை. அதற்குள் வேறு யாருடைய கோடோ திரைக்கு வந்துவிட்டது.