மேஸ்திரி வீட்டுச் சுவர்

ஐயாயிரத்து நானூறு ரூபாய். சிவபாண்டி மேஸ்திரிக்கு நான் தர வேண்டியது, தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ். பணமாகத் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். வேலை செய்துதான் கழிக்க வேண்டும். கழிவதற்குள் புதிதாகக் கொடுப்பார், நானும் வாங்குவேன். கொச்சியில் மூன்று வாரம் சென்ட்ரிங் பலகை தூக்குவது, வீட்டில் நான்கு நாள் கிடப்பது, மறுபடி ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறுவது.

இந்த முறை முழங்கால் வீங்கிப்போய் வந்தேன். மறுநாளே மழை பிடித்தது. வைகைத் தண்ணீர் தரைப்பாலத்தை மூடியது. மேஸ்திரி வீடு இருக்கும் வண்டியூர்ப் பக்கம் போகவோ பஸ் பிடிக்கவோ எங்களுக்கு வேறு வழியில்லை.

மழை பெய்த ஐந்து நாளும் தூங்கினேன். ஓடு ஒழுகுகிற இடத்தில் என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி குண்டான் வைப்பாள். அந்தச் சத்தத்தில் விழித்து, தள்ளிப் படுத்து, மறுபடி தூங்குவேன். எம்புட்டுத் தூங்கியும் அலுப்புத் தீரவில்லை.

"இந்தக் காலோட போகப் போறீகளாக்கும்" என்றாள்.

"கடன் இருக்குல்ல."

ஆறாம் நாள் மேஸ்திரி போன் போட்டார்.

"தண்ணி எம்புட்டுப் போகுது மாப்ள?"

வடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். "இடுப்பளவு போகுதுண்ணே."

"அப்படியா. நான் பாலத்து மேலதான் நிக்கிறேன். செருப்புகூட நனையல."

கால் மணி நேரத்தில் வாசலில் நின்றார். கொச்சிக்குக் கூப்பிட வரவில்லை. குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். மழையில் அவர் வீட்டு அடுப்படிச் சுவர் விழுந்து கிடந்தது. கொத்தனார் இருக்கிறார், கையாள் இல்லை.

"ஒரு ஆறு நாளு, ஒத்தாசையா வா" என்றார்.

நான் தலையாட்டியிருப்பேன். பாண்டீஸ்வரி காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"வரட்டும்ணே. கூலியக் கடன்ல கழிச்சிருங்க."

"அட்வான்ஸு கொச்சி வேலைக்குத் தாயி."

"தூக்குற கல்லுக்குக் கொச்சி எது, வண்டியூரு எதுன்னு தெரியுமாண்ணே? கனம் ஒண்ணுதான்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இடுப்பளவு தண்ணின்னு சொல்லிக் குடுத்ததும் இதுதானா?"

"அது அவுக சொந்தப் புத்தி. என்னயக் கேட்டிருந்தா கழுத்தளவுன்னு சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். நாளுக்குத் தொள்ளாயிரம் என்று முடிந்தது.

ஆறு நாளும் நொண்டிக்கொண்டே கல் சுமந்தேன். கடைசி நாள் சாயங்காலம் மேஸ்திரி நோட்டை எடுத்து, பேயாண்டி என்ற பெயரின் மேல் கோடு போட்டார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். என் பெயர்தான்.

"பொங்கலுக்கு எம்புட்டு வேணும்?"

"இப்ப ஒண்ணும் வேணாம்ணே."

வரும் வழியில் முழங்கால் மடங்கவில்லை. தரைப்பாலத்தின் நடுவில், காலை நீட்டி, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.