சாய்குமாருக்கு ஒரு பெட்டி

ஒரு வீட்டைக் காலி செய்ய எத்தனை பெட்டி வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம்; என் பிழைப்பே அதுதான். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் ஏழு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்தச் சாமானுக்கு எந்த அளவு அட்டைப்பெட்டி, அட்டை எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் தாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கனமானது சின்னப் பெட்டியில், லேசானது பெரிய பெட்டியில். எந்தப் பெட்டியிலும் காலி இடம் மட்டும் இருக்கக் கூடாது. காலி இடம் இருந்தால் சாமான் ஆடும், ஆடினால் உடையும்.

சத்தியவேட்டில் நானும் சாய்குமாரும் ஒரே அறையில் நான்கு வருடம் குடியிருந்தோம். இருவருக்கும் ரேணிகுண்டாவில் புது வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் அங்கே குடிபோவதாக ஏற்பாடு. நான் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பதினோரு பெட்டி என்றேன்.

"பதினொண்ணா? எனுக்கு ஒரு பொட்டி போதும்டா தரணி," என்றான் சாய்.

"உன் குப்பைக்கே நாலு வேணும். வாய மூடிக்கினு இரு."

"பந்தயம் வெச்சிக்கலாமா? என்னுது ஒரு பொட்டிக்கு மேல போச்சின்னா புத்தூர்ல பிரியாணி வாங்கித் தரேன்."

பந்தயம் போட்டுப் பத்தாம் நாள், காலை ஷிப்டுக்குப் போகிற வழியில், மழை ஈரத்தில் வண்டி சறுக்கி அவன் போய்விட்டான். இருபத்தேழு வயது. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, குடிபாலாவிலிருந்து அவன் அம்மா பொன்னியம்மா போன் செய்தார்.

"தரணி, எம்புள்ள சாமானெல்லாம் அங்கியே கெடக்குதேப்பா. கொண்டாந்து குட்றியா? ஒண்ணும் வுட்றாதே. தீபாவளிக்கு ஒரு நீல சட்ட வாங்கினானே, அது. மிக்சி, குக்கரு, கம்பளி. அவன் கை பட்டது எல்லாம் எனுக்கு வேணும்."

"சரிம்மா, கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நீலச் சட்டை என்னுடையது. மிக்சி, குக்கர், கம்பளி எல்லாமே என்னுடையவை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாய் அம்மாவுக்கு வீடியோ கால் செய்வான். அதற்கு முன்னால் என் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். என் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பாரும்மா, மிக்சி வாங்கிக்கினேன்" என்பான். "டேய், என் கட்டிலையும் உன்னுதுன்னு சொல்லிடேன்" என்று நான் ஓரத்திலிருந்து முணுமுணுப்பேன். "அது போன வாரமே சொல்லிட்டேன்" என்று பிறகு சிரிப்பான். சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவான்; அங்கே வீடு எழும்பிக்கொண்டிருந்தது. "நீ நல்லா துன்றியா இல்லியா? நீ வயித்தக் கட்டி அனுப்பற காசுல எனுக்கு வீடு வேணாம்" என்று அந்த அம்மா அடிக்கடி சொல்வார். அதனால்தான் இத்தனை பொய்யும்.

இப்போது அந்தப் பொய் என் தலையில் வந்து விழுந்தது. உண்மை தெரிந்தால் அந்த அம்மாவால் அந்த வீட்டில் ஒரு நாள் நிம்மதியாகப் படுக்க முடியுமா?

மளிகைக் கடைக்குப் போய்ப் பெட்டி பொறுக்கினேன். சோப்புப் பெட்டியில் துணி வைத்தால் அந்த வாசனை துணியில் ஏறிவிடும். எண்ணெய்ப் பெட்டியில் கறை. ஆப்பிள் பெட்டியில் சுற்றிலும் ஓட்டை. பிஸ்கட் பெட்டிதான் சுத்தம். பதினொன்றைச் சேர்த்து எடுத்துவந்து, நடுத்தர அளவில் ஒன்றில் சாய்குமாரின் சாமான்களை முதலில் அடுக்கினேன்.

இரண்டு பேன்ட். மூன்று சட்டை. இரண்டு லுங்கி, ஒரு துண்டு. சாப்பாட்டு டப்பா, தட்டு, சீப்பு. பத்தாவது சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் கவர். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அறையை மறுபடி இரண்டு முறை தேடினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். பெட்டியைத் தூக்கி ஆட்டினால் உள்ளே டப்பாவும் தட்டும் கடகடவென்று உருண்டன. பாதிகூட நிறையவில்லை.

எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒரு பொட்டி போதும்னு சொன்னியே, அதுலயே பாதிக்கு இல்லியேடா, பாவி!" என்று கத்தினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா சந்திரம்மா வந்துவிட்டார்.

"ஏமைந்தி நைனா, என்னாச்சி? தனியா யார்கிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கே?" என்றவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தப் பையனுது இவ்ளோதானா?"

"இல்லம்மா. இன்னும் இருக்குது," என்று எழுந்தேன்.

மிக்சியை இறக்கினேன். குக்கர், கம்பளி, இஸ்திரிப் பெட்டி, என் தலையணை, சுவர்க் கடிகாரம். நீலச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின இரண்டு நாளும் நான் போட்டிருந்தது. துவைத்துக் காயவைக்க நேரமில்லை. மடித்து மேலாக வைத்தேன்.

"அதெல்லாம் உன்னுதில்ல?" என்றார் சந்திரம்மா.

"இல்ல. அவனுது."

அவர் உள்ளே போய் ஓர் எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து, "இதுவும் அந்தப் பையனுதுதான்" என்று பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சாய்க்கு நான்கு பெட்டி ஆனது. எனக்கு ஏழு. மொத்தம் பதினொன்று. என் கணக்கு தப்பவில்லை, பந்தயத்திலும் நான்தான் ஜெயித்தேன். பிரியாணி வாங்கித் தரத்தான் ஆள் இல்லை.

சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, என் பெட்டிகளை ரேணிகுண்டாவில் இறக்கிவிட்டு, சித்தூர் வழியாகக் குடிபாலா போய்ச் சேர்ந்தேன். புது வீடு. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எங்கள் அறையைப் போல ஆறு மடங்கு இருக்கும். அதன் கூடத்தில் நான்கு பெட்டிகளும் வரிசையாக நின்றன. அவன் அப்பா வேங்கடாசலம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். சாய் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான்; எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, பிள்ளையும் நைனா. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

பொன்னியம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "இதான் மிக்சி, போன்ல காட்டினானே. கம்பளிகூட எவ்ளோ கெட்டியா வாங்கிக்கிறான் பாரு." ஒவ்வொரு சாமானையும் முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தார். "எம்புள்ள நல்லாத்தான் இருந்துக்கிறான். ஒரு கொறையும் இல்லாமதான் இருந்துக்கிறான்."

நான் கேட்க வந்தது இந்த வார்த்தையைத்தான். கேட்டதும் நெஞ்சு லேசானது.

அப்புறம் நீலச் சட்டையை எடுத்தார். முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"எம்புள்ள வாசன," என்றார். "அப்படியே இருக்குதுங்க. அப்படியே இருக்குது."

அது என் வேர்வை. வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா எழுந்து வந்து, சட்டையை மெதுவாக வாங்கி உதறி, காலர்ப் பட்டியைப் பார்த்தார். ஒரு தரம் என் தோளைப் பார்த்தார். சட்டையை மடித்து மனைவியின் மடியில் வைத்தார்.

"சாப்ட்டுட்டுப் போ நைனா," என்றார்.

ஐந்து வாரம் கழித்து நைனா போன் செய்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பொன்னியம்மாவுக்குக் கேட்காமல் பேச வயலுக்கு வந்திருக்கிறார் போலும்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்சி நைனா. அம்மா எப்டி இருக்குறாங்க?"

"அந்தச் சட்டய தலகாணிக்கு அடியில வெச்சிக்கினுதான் தூங்கறா. தூங்கறாளே, அதுவே பெருசு. இப்ப நாலு நாளா அந்த வாசன போய்ட்ச்சி. சட்டய மோந்து மோந்து பாத்துட்டு அழுதுகினே இருக்குறா. சோறு துன்றதில்ல."

"எம்புள்ளைக்கு முப்பத்தெட்டு சைசு நைனா. நான்தான் எப்பவும் வாங்கிக் குடுப்பேன். இது நாப்பத்திரண்டு," என்றார். "எனுக்கு அன்னிக்கே தெரியும். அவ பொட்டியெல்லாம் பிரிச்சப்பவே, ஒண்ணுல அடியில அவன் பழய துணியும் தட்டும் டப்பாவும் கெடந்தத பாத்தேன். அவனுது எவ்ளோன்னு புரிஞ்சிபோச்சி. அவளுக்குத் தெரிய வேணாம்."

"நைனா, நான் வேணும்னு…"

"நீ தப்பு பண்ணல. இன்னும் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத." மோட்டார் சத்தம் தூரமானது; தள்ளி நடந்திருப்பார். "இன்னொரு சட்ட இருந்தா, ரெண்டு நாள் போட்டுக்கினு, தோய்க்காம குடுத்தனுப்புறியா?"

ரேணிகுண்டா அறையில் என் ஏழு பெட்டிகளில் ஐந்தை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. ஒன்றைக் கிழித்து ஒரு கோடு போட்ட சட்டையை எடுத்தேன். இரண்டு நாள் வேலைக்கு அதையே போட்டுக்கொண்டு போனேன்; வெயிலில் வேண்டுமென்றே நடந்தேன். மூன்றாம் நாள் கடைத்தெருவில் நின்று, சோப்பு வாசனையே படாத பிஸ்கட் பெட்டியாகப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதைத் தேடி எடுத்தேன். சட்டையை மடித்து வைத்ததும் ஓரத்தில் விரல் நுழையக்கூட இடமில்லை. ஒரு பெட்டி போதுமாக இருந்தது.