ஆயிரத்து நூற்று நாற்பது நாள் அணையாத சர்வர்

1
இந்தக் கதை என் மருமகளிடமிருந்து சுட்டது. ரத்ததானம் செய்பவர்களின் இணையதளம் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காது மிஷினைக் கழற்றி வைத்திருப்பதாக அவளுக்கு நினைப்பு.

தொடக்கம்: "குளிர்ந்த அறையில் அவள் ஒரு தேவதையைப் போல..." (வேண்டாம். அவள் படிப்பாள்.)

2
அந்த சர்வர் ஆயிரத்து நூற்று நாற்பது நாளாக அணைந்ததில்லை. ஓடத் தொடங்கிய அன்று அவள் ஆபீஸ் மேலாளருக்குத் தலை நிறைய முடி. முடி கொட்டித் தீர்ந்தது, சர்வர் நிற்கவில்லை. நாள் கணக்கை அறைக் கதவில் ஓர் அட்டையில் எழுதி, தினமும் காலையில் அவர் கையாலேயே ஒன்று கூட்டுவார்.

3
அந்த சர்வரின் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. அதன் வழியே எவனும் நுழைந்து பதினாறாயிரம் பேரின் முகவரி, போன் எண், நோய் விவரம் எல்லாம் அள்ளிப் போகலாம்.

"அதான் போன வாரமே அப்டேட் போட்டாச்சேம்மா," என்றார் மேலாளர்.

"போட்டாச்சு சார். ஓடுறது பழசுதான். புதுச் சட்டைய பீரோவுல வச்சிட்டு கிழிஞ்சதையே மாட்டிட்டுத் திரியுற மாதிரி. ரீஸ்டார்ட் பண்ணாத்தான் மாறும்."

"அப்ப அட்டையில ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணுமே."

"பூஜ்யத்துல இருந்து சார்."

(மேலாளரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இத்தனை நாள் கழித்து அணைத்தால் மறுபடி எழுமா என்று மனுஷனுக்கு நிஜமாகவே பயம்.)

4
அவள் வாதாடவில்லை. முழுத் தகவலையும் நகலெடுத்தாள். அந்த நகலை, ஓட்டை அடைத்த மென்பொருளோடு வேறொரு கணினியில் ஏற்றி, தளம் திறக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு முறை திறக்கவில்லை. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை திறந்தது. மூன்று மணிக்குத் தளம் கொஞ்ச நேரம் இயங்காது என்று ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

"எழலன்னா?" என்றார் மேலாளர்.

"நகல் ஏத்தின இந்தக் கம்ப்யூட்டர்ல ஓட்டிடலாம் சார்."

"எழுந்துட்டா?"

"அட்டைய அழிச்சிடுங்க."

மூன்று மணிக்கு ரீஸ்டார்ட்டைத் தட்டினாள். திரை இருண்டது.

5
முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் நாலே நிமிடத்தில் எழுகிறது. மற்றதில் எழவே இல்லை. நகலை வைத்து ஓட்டுகிறாள். ஓட்டை இரண்டிலும் அடைபடுகிறது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒன்றும் எழுதியிருந்தேன். அதில் கடைசி நொடியில் மேலாளர் முகத்தைப் பார்த்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் சார்" என்கிறாள்.

மருமகள் அந்த மூன்றாவதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"இது யாரு மாமா? எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தியும் இல்லையே."