முதலில் குரல்

மூன்று வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மாதாந்திரத் தர அறிக்கை மேஜைமேல் காத்திருந்தது. எட்டுப் பக்கம், எட்டிலும் பச்சை. எங்கள் மேலாளருக்குப் பச்சைதான் உயிர். ஒரு கட்டம் மஞ்சளாகிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் காதில் விழாமல் அவரைப் 'பச்சை' என்றுதான் சொல்வோம். அறிக்கையின் கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆறாம் பக்கத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தொடங்கிப் பதினொரு நிமிடம் நடந்த ஓர் அழைப்பு இருந்தது. தனிமை வார்டு, மூன்றாம் எண் டேப்லெட். குரல் தரம்: ஐந்துக்கு நாலு புள்ளி மூன்று. விதிமீறல்: இல்லை. அது என் அம்மா என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. அம்மாவுக்குக் காதும் கேட்காது, வாயும் பேச வராது.

நான் செய்யும் வேலையை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "ஒயர் பாக்கற வேலை" என்று அக்கா சுருக்கிவிடுவாள். எங்கள் நிர்வாகத்துக்கு நான்கு மருத்துவமனைகள். அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய இணைய லைன், அது அறுந்தால் ஒப்புக்கு ஒரு சின்ன லைன். பெரிய லைன் இருக்கும்வரை எல்லாம் தாராளமாகப் போகும். அது போய்விட்டால், சின்ன லைனில் எது முந்துவது, எது காத்து நிற்பது என்று ஒரு விதி வேண்டும். அதை எழுதியவன் நான். முதல் வரிசை குரல். இரண்டாவது நோயாளிகளின் பதிவுகளும் ஸ்கேனும். மூன்றாவது வீடியோ. நான்காவது மிச்சம் மீதி. மூன்று வருடத்துக்கு முன் அதை ஒப்புதலுக்கு வைத்த கூட்டத்தில், வீடியோவை ஏன் இவ்வளவு கீழே தள்ளினீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்டார்.

"குரல் விட்டு விட்டு வந்தா ஒரு வார்த்தையும் புரியாது டாக்டர். படம் நின்னா யாரும் செத்துட மாட்டாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலையில்தான் அம்மா வாசலில் நின்று, சாயங்காலம் சீக்கிரம் வா என்று கையால் சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்பது வருடம் அந்தக் கையோடு பேசி வளர்ந்தவன் நான். கூட்டம் முடியும்வரை ஒரு நிமிடம்கூட அவள் ஞாபகம் வரவில்லை.

அம்மா சைகைமொழிப் பள்ளிக்கெல்லாம் போனவள் இல்லை. எங்கள் சைகைகள் எங்கள் வீட்டிலேயே பிறந்தவை, வெளியே செல்லாதவை. இடது காதைக் கிள்ளினால் அது நான். கைக்குழந்தையாக இருக்கும்போது தூக்கம் வந்தால் அந்தக் காதைப் பிடித்து இழுத்துக்கொள்வேனாம். மூக்கை விரலால் மேலே தூக்கினால் அது அக்கா, ஏனென்றால் அவள் கோபக்காரி. உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். மூன்று தட்டினால், பயமாக இருக்கிறது, பக்கத்தில் வா. இரண்டுக்கும் மூன்றுக்கும் இவ்வளவு தூரமா என்று நாங்கள் சின்ன வயதில் அவளைக் கேலி செய்திருக்கிறோம்.

நுரையீரலில் தொற்று என்று அம்மாவைத் தனிமை வார்டில் சேர்த்தபோது யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு வீடியோ அழைப்புதான். ஒருநாள் அக்கா, ஒருநாள் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். அந்தச் செவ்வாய் அக்காவின் முறை. "நேத்து உனக்கு வேலை, அரக்கப்பரக்கப் பேசிட்டுப் போயிட்டே. இன்னைக்கும் நீயே பேசுடா, நான் நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று விட்டுக்கொடுத்தாள்.

அம்மா திரையில் வந்ததும் காதைக் கிள்ளினாள். சாப்பிட்டாயா என்றாள். முகம் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதும் உள்ளங்கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். அந்த நேரத்தில்தான் எங்கோ சாலை தோண்டியவர்கள் பெரிய லைனை அறுத்தார்கள். என் விதி அரை நொடியில் வேலை செய்தது. குரலுக்கு வழிவிட்டு வீடியோவை நிறுத்தியது. நெஞ்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் அம்மாவின் கை அப்படியே நின்றது. சத்தம் மட்டும் பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஆக்ஸிஜன் சீறுவது கேட்டது. கட்டில் முனகுவது கேட்டது. உள்ளங்கை நெஞ்சில் படும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அதன்மேல் நான், "நர்ஸ், படம் நின்னுடுச்சு, படம் நின்னுடுச்சு" என்று கத்திக்கொண்டிருந்தேன். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை. மிச்ச நேரம் முழுக்க, காதில் எதையும் வாங்காமல், நின்றுபோன அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு அம்மா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா கடைசியா என்னடா சொன்னா?"

"நெஞ்சுல ரெண்டு தட்டு."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "அப்ப பயப்படலை" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மூன்று வாரமும் நடமாடினாள். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ரெண்டுதானேடா?" என்பாள். நான் தலையாட்டுவேன். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. மாற்றக் கோரிக்கைப் படிவம் ஒன்றை எடுத்தேன். தனிமை வார்டு டேப்லெட்டுகளின் வீடியோவுக்கு முதல் வரிசை வேண்டும் என்று எழுதிப் பச்சையிடம் நீட்டினேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டுட்டீங்க" என்றார்.

"அங்கே காது கேக்காதவங்களும் படுத்திருப்பாங்க சார்."

"இத்தனை வருஷத்துல எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் அம்மா இறந்தது அவருக்குத் தெரியும். காது கேட்காதவள் என்பது தெரியாது. "இதை விதி எழுதினப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"எனக்கே தோணலை சார்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த மாத அறிக்கையில் குரல் தரத்தில் ஒரு கட்டம் மஞ்சளாகும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்.

மதியம், புது விதியைச் சோதிக்க, ஸ்கேன் அறை ஓய்ந்திருந்த நேரத்தில் பெரிய லைனை அனுமதியோடு நிறுத்தினேன். சின்ன லைனைப் போலிச் சுமையால் நிரப்பினேன். மூன்றாம் எண் டேப்லெட்டைக் கூப்பிட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தார். முகக்கவசம் இல்லாத அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"நீங்க அந்தக் காது கேக்காத அம்மாவோட பையன்தானே? அன்னைக்கு டேப்லெட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான்."

ஆமாம் என்றேன். படம் சுத்தமாக வருகிறது, சோதனை முடிந்தது, வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை நகரவில்லை.

"எங்க பக்கமும் உங்க படம் நின்னுடுச்சு. அது அவங்களுக்குத் தெரியலைங்க. நீங்க அசையாம பாத்துக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சு, செஞ்சதையே திரும்பத் திரும்ப செஞ்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கு அர்த்தம் புரியலை. உங்களைப் பாத்தா கேக்கணும்னு இருந்தேன்."

"என்ன செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் டேப்லெட்டைக் கட்டிலருகே இருந்த ஸ்டாண்டில் சாய்த்து வைத்தார். பின்னால் அந்தக் கட்டில் தெரிந்தது. புது விரிப்பு, ஆள் இல்லை. இரண்டடி தள்ளி நின்று உள்ளங்கையை விரித்து நெஞ்சில் தட்டினார். இன்னொரு தட்டு தட்டினார். கை மறுபடியும் எழுந்து நெஞ்சை நோக்கி வந்தது. படம் எங்கேயும் நிற்கவில்லை.