ஏழாம் உருண்டை

எங்கள் துகுமான் ஊர்ப் பொருளாதாரக் கல்லூரியில் தேர்வென்றால் வாய்மொழிதான். மரக் கூண்டைச் சுற்றினால் எண் போட்ட உருண்டை விழும்; அந்தப் பாடத்தைப் பேசவேண்டும். ஏழு விழக்கூடாதென்று பிள்ளைகள் புனித எக்ஸ்பெடிட்டோவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எல்லாவற்றிலும் கெட்டிக்கார நாடு, எதிலும் மந்தமான நாட்டோடு ஏன் வியாபாரம் செய்யவேண்டும் என்பது ஏழாம் பாடம். பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அதைத் தன் வடிகட்டி என்று பீற்றிக்கொள்வார் டாக்டர் அனிபால். காபி வடிகட்டத் தெரியாத மனிதர்.

யாமிலாவுக்குப் பட்டத்துக்கு மிச்சமிருந்த ஒரே தேர்வு இது. இங்கத்து வழக்கப்படி புதுப் பட்டதாரியின் தலையில் கொட்ட, நண்பர்கள் முட்டையும் மாவுமாக வாசலில் நின்றார்கள். அவளுக்கு ஏழு விழுந்தது.

புத்தக வரையறையைப் பிசகாமல் ஒப்பித்தாள். ஒரு உதாரணம் சொல் பார்க்கலாம் என்றார் அனிபால், இளக்காரமாக.

"நானும் அண்ணியும் கறி அடைச்சு எம்பனாடா செய்யறோம். மாவு தேய்க்கறதுல அண்ணியைவிட நான் கொஞ்சம் வேகம். மடிக்கறதுல ரொம்ப வேகம். அப்போ அண்ணி எதுக்கு டாக்டர்?"

அவர் அதே வரையறையை இன்னும் உரக்கச் சொன்னார்.

"அதைத்தான் நானும் சொன்னேன். ஏன்னு கேக்கறேன்."

பக்கத்தில் இரண்டாம் தேர்வாளராக உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அவரும் ஒரே வருடம் இதே அறையில் தேர்வு கொடுத்தவர்கள். எனக்கு ஏழு விழுந்தது; நானும் விழுந்தேன், மறுபடி முட்டி மோதித்தான் புரிந்தது.

"உனக்கு அன்னைக்கு மூணாம் உருண்டைதானே வந்துச்சு, அனிபால்?"

அவர் காது சிவந்தது. கூண்டு சரியாகச் சுற்றவில்லை, வேறு எடு என்று முணுமுணுத்தார். இரண்டு விழுந்தது. யாமிலா கடகடவென்று பேசித் தேறினாள். இப்படித்தான் இங்கே பட்டதாரிகள் உருவாகிறார்கள். ஒரு நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஊரை வடிகட்டுவார்கள்.

நான் பையை எடுக்கும்போது அவள் திரும்பி வந்தாள். முடியெல்லாம் முட்டை, மூக்கில் மாவு.

"மேடம், அண்ணி எதுக்குன்னு சொல்லாம போறீங்களே."

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அனிபாலின் கை நின்றது. திரும்பிப் பார்க்க மட்டும் மனுஷனுக்கு மனம் வரவில்லை.

"நீ மாவு தேய்க்கற நேரத்துல எத்தனை எம்பனாடா மடிக்காம போச்சுன்னு எண்ணிப் பாரு, அண்ணி எதுக்குன்னு தெரியும்," என்றேன், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.