சனிக்கிழமை சென்ட்

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் துரையின் மனைவி மானெல் நோனா பங்களாவை விட்டுப் போனார். இரண்டு சூட்கேஸ்களையும் வேனில் ஏற்றிவிட்டது விஜயகலாதான். திரும்பி எப்போது வருவார் என்று அவள் கேட்கவில்லை. நோனாவும் சொல்லவில்லை. கண்ணாடி மேசையில் சீப்பு, பவுடர், ஒரு கறுப்புப் போத்தல் எல்லாம் வைத்தபடியே கிடந்தன.

தெஹியோவிட்டவிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருக்கிற ரப்பர் தோட்டம் அது. கம்பனித் தோட்டம் இல்லை, அபேரத்ன துரை குடும்பத்தின் சொந்தக் காணி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளோடு ஒரே லயம், ஒன்பது குடும்பம். தொழிற்சங்கம் என்று ஒன்றும் கிடையாது. காணி துரையுடையது, மரம் துரையுடையது, லயத்துக் கூரைத் தகரமும் துரையுடையது. விஜயகலாவின் புருஷன் சுதாகரன் அங்கே பால் வெட்டினான். மாமனார் ஐயாவு பாரிசவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து லயத்து அறையிலேயே கிடந்தார். மகள் நிலுஷாவுக்கு நாலு வயது. விஜயகலா இரண்டு வருஷமாகப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள்.

துரைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வார நாட்களில் அவிசாவளையில் இருந்த தன் மோட்டார் பாகக் கடைக்குப் போய்விடுவார். சனி, ஞாயிறு மட்டும் வீட்டில். சத்தம் போட மாட்டார். யாரையும் ஏசினதாக லயத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, நாலு மணித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது துரை குசினி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வருவதே இல்லை. கையில் அந்தக் கறுப்புப் போத்தல்.

"இதைக் கொஞ்சம் போட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் கொண்டு வா" என்றார் சிங்களத்தில். "கழுத்தில, மணிக்கட்டில. வேற எங்கயும் வேண்டாம்."

விஜயகலாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தனக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்தாள். "எனக்கா மாத்தயா?" என்று கேட்டாள். அவர் போத்தலை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூடியைக் கழற்றி ஒரு தடவை அமுக்கினாள். முதலில் பழைய மர அலுமாரியைத் திறந்ததுபோல ஒரு மணம். அதற்கடியில் மழையில் நனைந்த பட்டை, பாதி எரிந்து அணைந்த விறகு. தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தா வரைக்கும் நடப்பதற்குள் அதிலிருந்து ஒரு பூ எழுந்து வந்தது. என்ன பூ என்று சொல்லத் தெரியவில்லை. மல்லிகை இல்லை. சாமிக்குப் போட்டு மூன்று நாள் எடுக்காமல் விட்ட மாலைபோல, இனிப்பும் கசப்புமாகத் தொண்டையில் போய் உட்கார்ந்தது.

துரை கண்ணை மூடிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் இருந்தார். அவள் தட்டை வைத்தாள். "நில்" என்றார். நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கோப்பை காலியான பிறகு "சரி, போ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த சனிக்கிழமையும்.

லயத்தில் எல்லாரிடமும் ஒரே வாடைதான். ரப்பர் பாலின் புளிச்ச வாடை, மரத்தில் காய்ந்து ஒட்டின ஒட்டுப்பாலின் நாற்றம், புகை. கழுவினாலும் போகாது, யாரும் அதைப் பெரிதாக எடுப்பதும் இல்லை. அதற்கு நடுவில் விஜயகலா நடந்து போனால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு நின்றுவிடும்.

"பங்களாவுல இப்ப சமையலுக்குச் சந்தனமும் அரைச்சுப் போடுறாங்களா?" என்று புஷ்பம் ஒரு நாள் கேட்டாள். புஷ்பம் லயத்திலேயே மூத்த பால்வெட்டுக்காரி. பெரிய துரை காலத்தில் பங்களாவில் பிள்ளை பார்த்தவள். இப்போதைய துரையை இடுப்பில் தூக்கி வளர்த்ததால் இன்றைக்கும் அவரைச் சின்ன ஐயா என்ற அர்த்தத்தில் 'பொடி மாத்தயா' என்றுதான் சொல்லுவாள். கூட இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஜயகலா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். தேசிக்காய் பிழிந்து பூசினாள். கழுத்துத் தோல் எரிந்ததே தவிர மணம் போகவில்லை. பக்கத்தில் படுத்த நிலுஷா, "அம்மா, நீங்க நோனா மாதிரி மணக்குறீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சுதாகரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஒரு மாதமாக அவன் அப்படித்தான் படுக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவளாகவே சொன்னாள். அவன் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தாமலே கேட்டான்.

"தொட்டாரா?"

"இல்ல."

"கிட்ட வந்தாரா?"

"இல்ல. அந்தச் சென்ட்ட போட்டுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான். ஆனா எனக்கு ஏலாதுங்க. அது போட்டா நான் நானா இல்லாத மாதிரி இருக்கு."

கத்தி கல்லில் ஓடுவது நின்றது. உள்ளே ஐயாவு இருமினார். சுதாகரன் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தான்.

"லயத்த விடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா அப்பாவ எங்க தூக்கிட்டுப் போறது? கொஞ்ச நாள் பொறுத்துக்க கலா. தொடலதானே."

அவன் திரும்பவும் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். கோபமாக ஏதாவது சொல்லுவான், பங்களாவுக்குப் போக வேண்டாம் என்பான், குறைந்தது அடுப்படியில் ஒரு பாத்திரத்தையாவது தூக்கி எறிவான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்லி அவனை அமர்த்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். எதற்கும் தேவை வரவில்லை. துரை கதவை ஒரு பக்கம் சாத்தினார் என்றால் மற்றப் பக்கத்தை இவன் சாத்திவிட்டான் என்று அவளுக்குப் பட்டது.

ஆகஸ்டில் துரை அவளை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த விஜயகலா பங்களா நாற்காலியில் அதுவரைக்கும் உட்கார்ந்ததே இல்லை. நுனியில் இருந்தாள்.

"சீனி போதுமா, ருவினி?" என்று கேட்டார் துரை, கண்ணைத் திறக்காமலே.

நோனாவைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்போல என்று நினைத்தாள். அவர் திரும்பவும் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. பதில் வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று மட்டும் தெரிந்தது.

"ஓவ்" என்றாள் விஜயகலா, சிங்களத்தில் ஆமாம் என்று.

அவர் முகம் தளர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகிறபோது, அந்த ஒரு சொல்லைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சென்ட் தீர்ந்துபோனால் இதுவும் தீர்ந்துபோகும். வார நாட்களில் துரை கடைக்குப் போன பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வெற்றுக் காற்றில் அமுக்கி அமுக்கி அடித்தாள். ஒரேயடியாக இல்லை, ஒரு நாளைக்கு இருபது தரம். வாழைமரத்து இலையெல்லாம் மணத்தது. ஒரு மாதத்தில் அடியில் ஒரு விரல் அளவுதான் மிஞ்சியது. கடைசிச் சொட்டும் தீர்ந்த வெள்ளிக்கிழமை, பல நாளுக்குப் பிறகு அவள் பசித்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் துரை குசினிக்கு வந்தார். கையில் தங்கக் கோடு போட்ட பெட்டி, இன்னும் உடைக்காத தாளோடு.

"முடிஞ்சுபோகும் என்று தெரியும்" என்றார். "கொழும்பில ஒரே ஒரு கடையிலதான் இது வருகிறது. இனி மாதா மாதம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்."

அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானெல் நோனா வந்தார். துரை பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போயிருந்த நேரம். தன் புத்தகங்களையும் தாய் கொடுத்த பாத்திரங்களையும் எடுத்துப் போக வேன் கொண்டு வந்திருந்தார். குசினிக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். முந்தின நாள்தான் விஜயகலா சென்ட் போட்டிருந்தாள். அவளுடைய சட்டையில் அது இன்னும் இருந்தது.

"நான் களவெடுக்கல நோனா" என்றாள் விஜயகலா. பொலிஸ், ஸ்டேஷன், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை என்று எல்லாம் ஒரே நொடியில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

"எனக்குத் தெரியும். அவர்தானே போடச் சொன்னார்?"

அவள் தலையாட்டினாள். நோனா சிறிய முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் இது பிடிக்காது. கல்யாணம் முடிந்த முதல் கிழமையே கையில தந்தார். பதினொரு வருஷம் போட்டேன். போடாத நாளில என்னோட பேச மாட்டார், அவ்வளவுதான். இதை யாருக்காகப் போடச் சொல்லுறீங்க என்று எத்தனையோ தரம் கேட்டேன். வாயே திறக்கல."

விஜயகலா குழம்பிப்போனாள். "அப்ப ருவினின்னு அவரு கூப்பிடுறது உங்கள இல்லையா நோனா?"

நோனா அந்தப் பெயரைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ இங்க இருக்காத. போய்விடு."

"உங்களுக்குப் போக கொழும்புல அம்மா வீடு இருந்துச்சு நோனா. நாங்க எங்க போறது?"

நோனா ஒரு துண்டில் டெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்தார். கொழும்பில் வீட்டு வேலை வாங்கித் தரலாம், பிள்ளையை மட்டும் கூட்டிவர முடியாது என்றார். விஜயகலா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த நம்பருக்கு அவள் கடைசிவரை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் சென்ட்டைத் தொடவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள். துரை மூக்கால் இழுத்துப் பார்த்தார். கண்ணைத் திறந்தார். நாலு மாதத்தில் அவர் அவளை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏன் போடல?"

அதற்குப் பதிலாக அவள் ஒன்று கேட்டாள். "ருவினி நோனா செத்துப்போயிட்டாங்களா மாத்தயா?"

கோப்பை தட்டில் தட்டுப்பட்டது. தேத்தண்ணி அவருடைய வெள்ளைச் சாரத்தில் சிந்தியது. ஈரத்தைத் துடைக்காமலே, யாரோ விசாரிக்க வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"சாகல. இத்தாலியில இருக்கிறாள். ரெண்டு பிள்ளை."

பிறகு, "நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றார்.

லயத்துக்கு ஓடாத குறையாக வந்தாள். லயத்தை விடச் சொல்லுவார் என்று இரண்டு நாள் பயந்துகொண்டு இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் கங்காணி வந்து, புஷ்பத்தின் மகள் துஷ்யந்தியைப் பங்களாவுக்கு வரச் சொல்லித் துரை கேட்டதாகச் சொன்னார். துஷ்யந்திக்குப் பத்தொன்பது வயது. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். புஷ்பத்துக்குச் சந்தோஷம். மகளுக்கு ஒட்டுப்பால் பொறுக்கத் தேவையில்லை.

"நமக்கென்ன, தப்பிச்சோம்" என்றான் சுதாகரன். "பேசாம இரு."

விஜயகலா பேசாமல் இருந்தாள், ஒரு இரவு முழுக்க. காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள். ஆறேழு பெண்கள் இருந்தார்கள். புஷ்பம் வாளியைப் பீலிக்கடியில் வைத்திருந்தாள். விஜயகலா அவளைத் தனியே கூப்பிடவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படியாக, ஜூன் மாதத்திலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்ததையும், 'ஓவ்' என்றதையும்கூட.

வாளி நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அப்ப அந்த மணம் அதுதானா" என்றாள் புஷ்பம்.

"அதுதான்."

"நான் வேற நெனச்சேன் புள்ள."

"தெரியுங்க அக்கா."

சனிக்கிழமை துஷ்யந்தி போகவில்லை. மூன்றே முக்காலுக்குப் புஷ்பம் முகம் கழுவி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, தானே பங்களாவுக்கு ஏறினாள். நடந்ததைத் திரும்பி வந்து அவளே சொன்னாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாளாம். "பொடி மாத்தயா, மக சின்னப் புள்ள. நான்தானே உங்களத் தூக்கி வளர்த்தவ, இனி நானே வர்றேன். சென்ட் எங்க போடணும்? கழுத்துலயா, கையிலயா?" என்று கேட்டாளாம். துரை எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். புஷ்பம் தேத்தண்ணி ஆறும்வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

அதற்கடுத்த கிழமை குருவிட்டவிலிருந்து ஒரு கிழட்டுச் சமையற்கார அப்பு பங்களாவுக்கு வந்து சேர்ந்தான். லயத்துப் பெண்கள் யாரையும் துரை பிறகு பங்களாவுக்குக் கூப்பிடவில்லை.

விஜயகலா பால்வெட்டுக்குப் பேர் கொடுத்தாள். விடிகிறபோது மலையேறி, சிரட்டை சிரட்டையாகப் பால் சேர்த்து, பதினொரு மணிக்குள் ஸ்டோருக்குக் கொண்டு வர வேண்டும். முதல் மாதம் கை முழுக்க வெட்டுக்காயம். லயத்தை விட்டுப் போக அவர்களுக்கு இன்னும் வழியில்லை. பங்களாவின் சிவப்புக் கூரை அவள் வெட்டுகிற மலையிலிருந்து எந்த மரத்தடியில் நின்றாலும் தெரிந்தது.

டிசம்பரில் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் இருவரும் பால் வடித்துக்கொண்டிருந்தபோது சுதாகரன் மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு நான் பொறுத்துக்கன்னு சொல்லியிருக்கக் கூடாது கலா."

அவள் சல்லடையில் தங்கின பட்டைத்துகளை விரலால் எடுத்துப் போட்டாள். என்றைக்கு என்று கேட்கவில்லை. அடுத்த வாளியைத் தூக்கித் தரச் சொன்னாள். அவன் தூக்கித் தந்தான்.